எட்டாம் பக்கத்தில் மாஸ்டர்

மாஸ்டருக்கு அந்த நடுக்க நோய் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் அது நூற்றுப் பதினேழு தடவை குணமாகிவிட்டது. எல்லாத் தடவையும் பேப்பரில்தான்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். முப்பத்து மூன்று வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று தனியாக வைத்திருந்த பிரேக்கில் காலை வைத்தபடி, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பாதி, அவர்கள் ஓட்டுவதைப் பார்த்து ஒதுங்கக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் அவருடைய வலது கை யாரையும் கேட்காமல் தானாக ஆட ஆரம்பித்தது. நரம்பு டாக்டர் சுத்தியலால் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். சாகடிக்காது, போகவும் போகாது, மாத்திரை போட்டால் மட்டுப்படும் என்றார். ஏழு, பதினொன்று, மூன்று, மறுபடியும் ஏழு. பள்ளிக்கூட மணி மாதிரி அன்றிலிருந்து அந்த வீட்டில் அலாரம் அடிக்கிறது.

மனைவி காலையில் காய் நறுக்குவார். மாஸ்டர் எதிரில் உட்கார்ந்து செய்தி நறுக்குவார். 'நடுக்கத்துக்கு முடிவு!', 'விஞ்ஞானிகள் சாதனை!', 'இனி கவலை இல்லை!' எல்லாவற்றையும் கோணல்மாணலாகக் கத்தரித்து ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் போவார்.

டாக்டர் முதல் தாளைப் பார்த்து, "இது எலிக்கு" என்பார்.

"இது?"

"இதுவும் எலிக்கு."

"இதுல படம்கூடப் போட்டிருக்கானே டாக்டர்?"

"இது எலிக்கும் இல்ல. எலியோட செல்லை எடுத்து ஒரு தட்டுல வச்சிருக்காங்க. அந்தத் தட்டுக்கு."

இப்படியாக, உலகத்தில் இந்த நோய் வந்த எலிகள் எல்லாம் சௌக்கியமாக இருக்க, மாஸ்டர் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தார். எலிகள் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அது தாங்கக்கூடிய பொறாமை. எலி என்ன, சொந்தக்காரனா?

சகலை சொந்தக்காரர்.

மாஸ்டர் மனைவியின் தங்கை புருஷன் அவர், வங்கி அதிகாரி. பேண்ட் மடிப்பு கலையாமல் உட்கார்ந்து எழுந்திருக்கத் தெரிந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் கத்தரிக்கோலோடு பேப்பரைப் பிரித்தால், ஏழாம் பக்கத்தில் 'வென்று காட்டியவர்கள்' என்ற பகுதியில் கால் பக்கத்துக்குச் சகலை நின்றார். விளையாட்டு ஷூ, நெற்றியில் துணிப்பட்டை, இரண்டு கையும் மேலே. 'பதினெட்டே மாதத்தில் வெற்றி! நடுக்கத்தை நடுங்க வைத்த வங்கி அதிகாரி!' ஐந்து கிலோமீட்டர் ஓடினாராம். மனம்தான் மருந்து என்று வாசகர்களுக்குச் சொல்லியிருந்தார்.

மாஸ்டருக்கு அன்று காலை பசிக்கவில்லை. வயிறு நிறைய எரிச்சல் இருந்தது. இந்த ஆளுக்கு இந்த நோய் என்று அவருக்குத் தெரிந்ததே அந்தப் பேப்பரைப் பார்த்துத்தான். ஆனால் ஐயோ பாவம் என்று தோன்றுவதற்கு முன்னால், எப்படி இவன் எனக்கு முன்னால் பேப்பரில் வந்தான் என்றுதான் தோன்றியது.

"அக்கா, பார்த்தியா?" என்று தங்கை போன் பண்ணினாள். பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரோடு வந்து, "உங்க சகலையாமே? மனுஷன்னா அப்படி இருக்கணும்" என்றார். போகும்போது மாஸ்டரின் கையைப் பார்த்துவிட்டுப் போனார்.

"பதினோரு வருஷ சீனியர் நான்" என்றார் மாஸ்டர் மனைவியிடம். "அவர் இன்னும் எல் போர்டே கழட்டல. அதுக்குள்ள ஏழாம் பக்கம்!"

"வியாதியில என்னங்க சீனியர், ஜூனியர்?"

"ஏன் இல்ல? ஒரு நாளைக்கு நாலு மாத்திரைன்னா பதினோரு வருஷத்துக்கு எத்தனைன்னு கணக்குப் போடு. இதுல ஒரு மாத்திரைக்காவது ஒரு வரி வந்திருக்கா?"

முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்த கதையாகிவிட்டது என்று இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குக் கிளம்பினார். தனியாக விட முடியாது என்று மனைவியும் கூடப் போனார்.

கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார்கள். மாஸ்டர் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். இந்த நோயில் அப்படி ஒன்று உண்டு. நடந்து வருகிற ஆளுக்கு வாசல் வந்ததும் காலைத் தரையில் ஆணி அடித்த மாதிரி ஆகிவிடும். பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் எழுந்து பார்த்தாள்.

மனைவி பதறவில்லை. அவர் காதருகே போய், "பச்சை விழுந்துடுச்சு" என்றார்.

மாஸ்டர் வாய்க்குள், "கிளட்ச், ஃபர்ஸ்ட் கியர், மெதுவா விடு" என்று சொல்லிக்கொண்டு இடது காலைத் தூக்கி வைத்தார். வண்டி கிளம்பிவிட்டது. இந்த வித்தையை எந்த விஞ்ஞானியும் கண்டுபிடிக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் சமையலறை வாசலில், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது, மனைவி எரிச்சலில் சொன்னது. இன்றுவரை தவறியதில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் உரியது. வெளியே யாரிடமும் சொன்னது கிடையாது. வரவேற்புப் பெண் சிக்னல் எங்கே இருக்கிறது என்று சுற்றிலும் தேடினாள்.

நலப் பக்க ஆசிரியர் மிகவும் மரியாதை தெரிந்தவர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். மாஸ்டர் ஃபைலைத் திறந்து நூற்றுப் பதினேழு துண்டுகளையும் காட்டியதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"இதுல எழுபது எங்களோடது சார்! எதிர்ப் பேப்பர் இத்தனை வருஷத்துல நாற்பத்தேழு தடவைதான் மருந்து கண்டுபிடிச்சிருக்கான். நாங்க எழுபது!"

"எனக்கு ஒண்ணுகூடக் கேட்கலையே" என்றார் மாஸ்டர். அவர் குரலும் இப்போது சின்னதாகிவிட்டது. கடைசி சீட் வரை மிரட்டிய குரல் மேஜையின் அந்தப் பக்கத்துக்கே தட்டுத்தடுமாறித்தான் போனது.

"கேட்காதுதான். ஆனா படிக்கிறவங்களுக்கு எவ்வளவு ஆறுதல்! நாங்க வாசகருக்கு நம்பிக்கை தர்றோம் சார். உண்மைன்னா சரிபார்க்கணும். நம்பிக்கைக்கு அந்தத் தொல்லை கிடையாது பாருங்க."

மாஸ்டர் விஷயத்துக்கு வந்தார். பதினோரு வருஷம், சகலை, ஏழாம் பக்கம் எல்லாவற்றையும் சொன்னார். ஆசிரியர் பேனாவை மூடி வைத்தார்.

"ஒளிக்காமச் சொல்லிடறேன். உங்க வியாதியில எங்களுக்கு ஒரே ஒரு சங்கடம். அது முடிய மாட்டேங்குது."

"எனக்கும் அதே சங்கடம்தான்."

"வாசகர் ஒரு கையில காபி, ஒரு கையில பேப்பரோட உட்கார்றார். காபி தீர்றதுக்குள்ள வியாதி தீரணும். இல்லேன்னா ஆள் தீரணும். ரெண்டுக்குமே நாங்க இடம் வச்சிருக்கோம். ஜெயிச்சவங்க ஏழாம் பக்கம். போய்ச் சேர்ந்தவங்க ஒன்பதாம் பக்கம்."

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கறவங்க?"

"எட்டாம் பக்கம் விளம்பரம் சார்."

ஆசிரியர் மாஸ்டரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னொண்ணு, தப்பா நினைக்காதீங்க. பதினோரு வருஷக் கஷ்டத்தைச் சொல்றீங்க, முகத்துல ஒரு அசைவும் இல்லையே? உங்க சகலை என்னமா அழுதார் தெரியுமா!"

"முகம் இறுகிப்போறதும் இந்த வியாதிதாங்க" என்றார் மனைவி. "உள்ளுக்குள்ள அழுதுட்டுத்தான் இருக்கார்."

"உள்ளுக்குள்ள அழறதைப் படம் எடுக்க முடியாதேம்மா."

கடைசியில் ஆசிரியர் மனம் இரங்கி ஒரு படிவத்தைக் கொடுத்தார். தலைப்பில் 'போராளிப் படிவம்' என்று இருந்தது. முதல் அறிகுறி தோன்றிய கணம் (உருக்கமாக). தற்கொலை எண்ணம் வந்த நாள் (இருந்தால் நல்லது). திருப்புமுனை. வெற்றி. குடும்பத்தினர் கருத்து (கண்ணீருடன், ஒரு வரி). மாஸ்டர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். இந்த நோயில் கையெழுத்தும் சுருங்கிக்கொண்டே போகும். பதினோரு வருஷத்தையும் எழுதி முடித்தபோது அது முதல் கட்டத்திலேயே முக்கால்வாசி இடத்தில் அடங்கிவிட்டது. ஆசிரியர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, நிருபரையே வீட்டுக்கு அனுப்பறேன்" என்றார்.

நிருபர் போன் பண்ணினாள். நல்ல பெண். புதன்கிழமை பதினொன்றரைக்குப் போட்டோக்காரரோடு வருவதாகச் சொன்னாள். இரண்டு படம் வேண்டும்: முன், பின். நோயின் பிடியில் ஒன்று, மீண்டபிறகு ஒன்று.

"அதனால சார், அன்னிக்கு மட்டும் பதினோரு மணி மாத்திரையைப் போடாம இருக்க முடியுமா? மாத்திரை போட்டா நீங்க நோயாளி மாதிரியே தெரிய மாட்டீங்களாம். முதல் படம் எடுத்ததும் போட்டுக்கலாம். அப்புறம் 'பின்' படம் எடுத்துடறோம்."

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வேளை தவறினா அன்னிக்கு முழுக்க வண்டி கிளம்பாது. உங்களுக்குத் தெரியாததா? விழுந்து வச்சீங்கன்னா யாரு தூக்கறது? எனக்கும் முட்டி வலிதான்."

"சகலை ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறார்" என்றார் மாஸ்டர். அதற்குமேல் அவரிடம் நியாயம் இல்லை. அந்தப் படத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். காதலியின் கடிதத்தைக்கூட யாரும் அத்தனை முறை எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அலாரம் அடித்தது. மாஸ்டர் அதன் தலையில் தட்டி அணைத்தார். மாத்திரை டப்பாவை மூடி வைத்தார். மனைவி எதுவும் பேசாமல் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு வரவேண்டியவர்கள் ஒன்றே காலுக்கு வந்தார்கள். அதற்குள் மாஸ்டரின் கை மட்டுமல்ல, தாடையும் ஆடிக்கொண்டிருந்தது. உடம்பு மரக்கட்டையாகிவிட்டது. போட்டோக்காரர் ஜன்னல் திரையை விலக்கினார், மூடினார், பத்துப் படம் எடுத்தார். எடுத்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஆட்டமே தெரியலையே சார். கை சும்மா மடியில இருக்கற மாதிரியில்ல இருக்கு. கொஞ்சம் கூட்டி ஆட்ட முடியுமா?"

"பதினோரு வருஷமா குறைக்கத்தான் பழகியிருக்கேன். கூட்டத் தெரியாது."

"ஒரு டம்ளர் பிடிங்க. தண்ணி நிறைய."

தண்ணீர் பாதி சட்டையில், பாதி தரையில். போட்டோக்காரர் முகம் மலர்ந்தது. "அற்புதம் சார்! அப்படியே சோகமா பாருங்க." மாஸ்டர் எப்போதும் பார்ப்பது போலவே பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

"உங்க திருப்புமுனை என்ன சார்?" என்றாள் நிருபர், படிவத்தைப் பார்த்துக்கொண்டு. "மலை ஏறினீங்களா? நீச்சல்? ஓவியம் வரைஞ்சாலும் போதும்."

"நேத்து நானே சட்டை பட்டன் போட்டுக்கிட்டேன். அஞ்சும்."

அவள் எழுதவில்லை. "வேற?"

மாஸ்டர் எழுந்தார். கழிவறைக்குப் போகவேண்டும் என்று ஒரு மணி நேரமாகவே பொறுத்துக்கொண்டிருந்தார். கூடத்து வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து, "பச்சை விழுந்துடுச்சுங்க" என்றார். நகரவில்லை. மறுபடியும் சொன்னார். "பச்சைங்க. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்." மூன்றாம் தடவை அவர் முதுகில் கையை வைத்து, அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை வேலை செய்யவில்லை. கால் கிளம்பியபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

நிருபர் சங்கடத்தோடு படிவத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இதைப் போடுவதற்கு அதில் கட்டம் இல்லை.

மாஸ்டர் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து மாத்திரையை விழுங்கினார். அது வேலை செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும் என்றதும் போட்டோக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இரண்டு மணிக்கு ஒரு திறப்புவிழா இருந்தது. "'பின்' படத்தை அப்புறமா வந்து எடுத்துக்கறோம் சார்" என்றார்கள். வரவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மாஸ்டர் வந்துவிட்டார். ஏழாம் பக்கத்தில்தான். பக்கம் பாதிக்கு இரண்டு படம். இடதுபுறம் 'முன்': தண்ணீர் சிந்தும் டம்ளரோடு மாஸ்டர். வலதுபுறம் 'பின்': இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சகலை. மேலே தலைப்பு, 'அன்று இப்படி, இன்று இப்படி! வங்கி அதிகாரியின் வெற்றிக்கு இரண்டாம் வாரம்!'

பதினோரு வருஷம் காத்திருந்து மாஸ்டர் பேப்பரில் வந்தார், சகலையின் பழைய உடம்பாக.

மாஸ்டர் உடனே ஆசிரியருக்குப் போன் போடச் சொன்னார். போனை மனைவிதான் பிடித்துக்கொண்டார், காதில் வைக்க இவர் கை நிற்கவில்லை. ஆசிரியர் கொஞ்சமும் பதறாமல் பேசினார். "கோபப்படாதீங்க சார். உங்க கதைக்கு 'பின்' படம் கிடைக்கல. அவர் கதைக்கு 'முன்' படம் கிடைக்கல. பக்கம் ஆறு மணிக்கு அச்சுக்குப் போகணும். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூக்குக்கண்ணாடி. ஒரே குடும்பம்தானேன்னு சேர்த்துட்டோம். ஒரு விதத்துல உங்களையும் குணமாக்கிட்டோம்!"

மறுநாள் மத்தியானம் சகலை வந்தார். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது திரும்பியதே தெரியாத அளவுக்குத்தான் திரும்பியது.

"அண்ணா, மன்னிச்சுடுங்க. எனக்கும் நேத்து காலையில பேப்பர் பார்த்துத்தான் தெரியும்."

மனைவி காபி கொண்டுவந்தார். சகலை இடது கையால் வாங்கினார். வலது கை, வெயில் காலத்தில் முழுக்கை கோட்டுக்குள் ஒளிந்திருந்தது. டம்ளரை வாங்கிய கையும் ஆடியது. கோட்டு விலகியபோது மணிக்கட்டில் மாவுக்கட்டு தெரிந்தது.

"என்னது இது?"

சகலை வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "நான் அஞ்சு கிலோமீட்டரெல்லாம் ஓடல அண்ணா. நாற்பது அடி ஓடினேன், போட்டோவுக்கு. இப்ப ரெண்டாம் வாரம்னு மறுபடி ஓடச் சொன்னாங்க. பத்தாவது அடியில விழுந்துட்டேன். அதான் பழைய படத்தையே போட்டுட்டாங்க. பதினெட்டு மாசமும் இல்ல. ஆறு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல தெரிஞ்சிடும்னு கையைப் பேண்ட் பைக்குள்ள விட்டுட்டே திரிஞ்சேன். 'ஆறு வருஷம் தலைப்புல உட்காரல'ன்னு அவங்களாவே குறைச்சுட்டாங்க."

ஆறு வருஷமா, அப்படியானால் தனக்கு ஐந்து வருஷம்தான் ஜூனியர் என்று மாஸ்டரின் மனசு கணக்குப் போட்டது. அந்த நேரத்திலும் போட்டது.

"தெருவுல இறங்கினா எல்லாரும் என் கையைத்தான் பார்க்கறாங்க. ஜெயிச்ச கையாச்சே. மாத்திரை வேலை செய்யற நேரம் மட்டும்தான் வெளிய வர்றேன். வீட்டுலகூட அவ, 'பேப்பர்ல அப்படிச் சொன்னீங்களே'ங்கறா." சகலை டம்ளரைக் கீழே வைத்தார். காபி மேஜை முழுக்கச் சிந்தியிருந்தது. "உங்களைப் பார்த்தா பொறாமையா இருக்கு அண்ணா. நீங்க நிம்மதியா நடுங்கலாம்."

மாஸ்டருக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். தன்னைப் பார்த்தும் ஒரு ஆள் பொறாமைப்படுவான் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அந்த வாரம் பத்திரிகை ஆபீசில் போன் மணி ஓயவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு மாஸ்டர் முகம் தெரியும் என்பதை ஆசிரியர் மறந்துவிட்டார். "அது வங்கி அதிகாரி இல்லங்க, எனக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்" என்றார் ஒருவர். "போன வாரம்கூட மருந்துக்கடையில பார்த்தேன். குணமெல்லாம் ஆகல, நல்லாவே நடுங்கினார்" என்றார் இன்னொருவர். பேருந்து ஓட்டுநர், பல் டாக்டர், நீதிபதியின் மனைவி என்று வரிசையாகச் சாட்சி சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை திருத்தம் வந்தது. எட்டாம் பக்கத்தில், ஒரு மெத்தை விளம்பரத்துக்கும் ஒரு மூட்டுவலித் தைல விளம்பரத்துக்கும் நடுவே, நாலு வரி.

'ஞாயிறு இதழில் முன் என்று வெளியான படத்தில் இருப்பவரும் பின் என்று வெளியான படத்தில் இருப்பவரும் ஒருவர் அல்லர். முதல் படத்தில் இருப்பவருக்குப் பதினோரு ஆண்டுகளாக நோய் உள்ளது. அவர் இன்னும் குணமடையவில்லை. வருந்துகிறோம்.'

மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். மனைவியைக் கூப்பிட்டு ஒரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். நாலு வரியைக் கத்தரிக்க இருபது நிமிஷம் ஆனது. "குடுங்க, நான் வெட்டறேன்" என்ற மனைவியிடம் கொடுக்கவில்லை. ஃபைலில் இருந்த நூற்றுப் பதினேழுக்கும் மேலே, முதல் தாளாக அதை வைத்தார்.

மாலையில் வந்த சகலை அதை எடுத்து ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தார். வெகுநேரம் படித்தார். நாலு வரிதான்.

"அண்ணா, எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு போடுவாங்களா?"

"அதுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ் வேணும்" என்றார் மாஸ்டர்.

சகலை சிரிக்க முயன்றார். அவர் முகமும் இறுக ஆரம்பித்துவிட்டது என்பதை மாஸ்டர் அப்போதுதான் கவனித்தார். வரேன் என்று சொல்லிக் கிளம்பிய சகலை, வாசற்படியில் போய் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். காது மடல் சிவந்தது. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று கண் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, மாஸ்டரைப் பார்த்தார். அந்த வார்த்தையை யாருக்குக் கொடுப்பது என்பது மாஸ்டர் இஷ்டம். ஏழாம் பக்கம் போயிற்று, படம் போயிற்று. மாஸ்டரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

பிறகு நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து எழுந்து, சகலைக்குப் பக்கத்தில், பழைய பழக்கத்தில் பக்கத்து சீட் பக்கமாகவே போய் நின்றார்.

"சகலை, பச்சை விழுந்துடுச்சு" என்றார். "கிளட்ச்சை மெதுவா விடுங்க. யாரு பார்க்கறான்னு கண்ணாடியைப் பார்க்க வேணாம். பிரேக் என்கிட்ட இருக்கு."